பழைய மகிழுந்தும் பலகணிக் கண்ணாடியும்

முன்னுரை

சன்னலைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உண்டு. காற்று வரும் வழி ஆதலின் காலதர் என்றனர். பல கண்களை உடைமையால் பலகணி என்றனர். சாளரம் என்னும் சொல்லும் வழக்கில் உண்டு. வீட்டுச் சன்னல் காற்றையும் ஒளியையும் ஒருங்கே உள்ளே அழைப்பது. ஓடும் வண்டிக்கு அமைந்த சன்னலோ வேறு பணி உடையது. அஃது ஒளியை உள்ளே விடவேண்டும். காற்றையும் தூசியையும் மழையையும் தடுக்கவேண்டும். ஓட்டுபவரின் பார்வைக்குக் குறுக்கே நில்லாமல் அவருடைய முகத்துக்குக் காவலாகவும் நிற்கவேண்டும். இத்தனை பணிகளையும் செய்வது சில மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு கண்ணாடித் தகடு.

அத்தகடு ஒருநாள் உடைந்துவிடுகிறது. புதிய வண்டியாயின் கவலை இல்லை. மறுநாளே வேறொன்று மாட்டிவிடலாம். வண்டியோ ஐம்பது ஆண்டுகளுக்கு முற்பட்டது, அதனைச் செய்த தொழிற்சாலையும் மூடப்பட்டுவிட்டது என்றால் என் செய்வது? இயந்திரத்தில் ஓர் உறுப்புத் தேய்ந்தால் கடைசல் பட்டறையில் வேறொன்று கடைந்து பொருத்தலாம். தகடு துருப்பிடித்தால் துருவை வெட்டி எறிந்து புதுத்தகட்டைப் பற்றவைக்கலாம். மெத்தை கிழிந்தால் தைக்கலாம். உடைந்த கண்ணாடியைக் கடையவும் இயலாது, பற்றவைக்கவும் இயலாது, தைக்கவும் இயலாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய கார் ஒன்று, முகப்புக் கண்ணாடி ஒன்று கிடைக்காமையால் கொட்டகையில் முடங்கிக் கிடப்பது இதனால்தான். இக்கண்ணாடியின் இயல்பு என்ன, அதனை எங்ஙனம் தேடுவது, கிடைக்காதபோது எங்ஙனம் செய்விப்பது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழமை என்பது எது?

பழையன எல்லாம் போற்றத்தக்கன அல்ல என்பது உண்மையே. எனினும் ஒரு காலத்தின் தொழில்திறனையும் வாழ்க்கை முறையையும் தாங்கி நிற்கும் பொருள்களைப் பேணுவது அறிவுடைச் சமுதாயத்தின் கடமையாகும். பழைய ஊர்திகளுக்கெனப் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்று 1966ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளேனும் கடந்து, உரிய நிலையில் பேணப்படும் ஊர்தியை வரலாற்று ஊர்தி என அக்கூட்டமைப்புக் கருதுகிறது. நம் நாட்டில் 2021ஆம் ஆண்டு நடுவண் அரசு மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. முதற்பதிவுக்குப்பின் 50 ஆண்டுகள் கடந்து, சட்டம், உடற்கூடு, இயந்திரம் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்படாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகளைத் தொன்மை வண்டிகள் எனத் தனியே பதிவு செய்ய அத்திருத்தம் வழிவகுத்தது. மாற்றம் செய்யப்படாமை என்பதே இங்குத் தகுதியாக வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு அறநிலையம் அமைத்துள்ள கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களைக் கண்டோர், ஒரு வண்டியை அதன் இயல்பு கெடாமல் நிறுத்துவதற்கு எத்துணை உழைப்பு வேண்டும் என்பதை உணர்ந்திருப்பர்.

கண்ணாடியின் இரு வகை

தொடக்கக் காலத்து வண்டிகளில் வீட்டுச் சன்னலில் இடும் சாதாரணக் கண்ணாடியே இடப்பட்டது. விபத்து நேர்ந்தபோது அது நீண்ட கூரிய துண்டுகளாக உடைந்து, உள்ளிருந்தோரை வெட்டியது. மோதலினால் இறந்தோரினும் கண்ணாடியால் அறுபட்டோர் துன்பம் கொடிதாய் இருந்தது. இக்குறையை நீக்க எழுந்தவை இரண்டு வகைகள்.

முதலாவது, அடுக்குக் கண்ணாடி. கடைகளில் இதனை லேமினேட்டட் கண்ணாடி என்பர். பிரெஞ்சு நாட்டு வேதியியலாரும் ஓவியருமான எத்துவார் பெனெதிக்தூசு என்பார் 1903ஆம் ஆண்டு தம் ஆய்வுக்கூடத்தில் ஒரு குடுவையைத் தவறவிட்டார் என்றும், அது நொறுங்கியும் சிதறாமல் நின்றது என்றும் கூறுவர். உள்ளே இருந்த செல்லுலோசு நைட்ரேட்டுக் கரைசல் உலர்ந்து, கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய தோலாகப் படிந்திருந்ததே காரணம். இதனை அடிப்படையாகக் கொண்டு இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு படலம் வைத்து ஒட்டும் முறைக்கு 1909இல் அவர் காப்புரிமை பெற்றார். 1920களின் இறுதியில் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் தன் ஏ வகைக் காரின் முகப்புக்கு இத்தகைய கண்ணாடியைப் பயன்படுத்தியது. ஆனால் தொடக்கக் காலத்துப் படலம் வெயில் பட்டு மஞ்சளித்துப் பழுத்தது. 1930களின் பிற்பகுதியில் பாலிவினைல் பியூட்டிரால் என்னும் படலம் வந்தபின்னரே இக்குறை தீர்ந்தது. இன்றும் அப்படலமே பெரிதும் ஆளப்படுகிறது. அடுக்குக் கண்ணாடி உடைந்தால் சிலந்தி வலைபோல் விரிசல் ஓடும். ஆனால் சட்டத்தை விட்டு விழாது.

இரண்டாவது, கடினமாக்கப்பட்ட கண்ணாடி. தொழிலாளர் நாவில் இது டஃபன் கண்ணாடி. தகட்டை 600 பாகை செல்சியசுக்கும் மேலாகச் சூடாக்கி, இரு புறத்திலும் குளிர்காற்றை விரைந்து வீசினால் மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். நடுப்பகுதி பின்னர்ச் சுருங்கும். சுருங்கும் நடுப்பகுதி மேற்பரப்பை உள்நோக்கி இழுப்பதால் மேற்பரப்பில் நிலையான அழுத்தம் தங்கிவிடுகிறது. அவ்வழுத்தமே அதற்கு வலிமை. சாதாரணக் கண்ணாடியைவிட நான்கு மடங்கு வரை அடியைத் தாங்கும். எல்லை கடந்து அடிபட்டால் ஒரு நொடியில் முழுவதும் மழுங்கிய சிறு துணுக்குகளாகப் பொடிந்துவிடும். இவ்வகையைப் பற்றி மறவாமல் நினைவிற் கொள்ளவேண்டிய உண்மை ஒன்று உண்டு. கடினமாக்கியபின் அதனை அறுக்கவோ துளையிடவோ முடியாது. அறுப்பதற்குக் கீறினால் முழுத்தகடும் உதிர்ந்துவிடும். ஆகவே, பெரிய வண்டியின் டஃபன் கண்ணாடி ஒன்றை வாங்கிச் சிறிய வண்டிக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று எண்ணுவது வீண். வடிவம் வெட்டுதல், ஓரம் தேய்த்தல், துளையிடுதல் ஆகிய அனைத்தும் சூடேற்றுவதற்கு முன்னரே முடிந்திருத்தல் வேண்டும்.

அடுக்குக் கண்ணாடியைப் பிறகும் வெட்டலாம். இரு புறமும் ஒரே கோட்டில் கீறி முறித்து, நடுப்படலத்தை இளக்கி அறுப்பர். இவ்வேறுபாடே தேடும் பணியின் திறவுகோலாகும்.

வளைவு வந்த கதை

ஒரு பழைய காருக்குக் கண்ணாடி எளிதில் கிடைக்குமா கிடைக்காதா என்பதை அதன் வயது தீர்மானிப்பதில்லை, வளைவே தீர்மானிக்கிறது. 1930களின் வண்டிக்குக் கண்ணாடி பெறுவது 1960களின் வண்டிக்குப் பெறுவதைவிட எளிதாய் இருத்தல் கூடும். கேட்போர்க்கு வியப்பாயினும் காரணம் தெளிவானது. முற்காலத்து வண்டிகளின் கண்ணாடிகள் பெரும்பாலும் தட்டையானவை. தட்டைக் கண்ணாடிக்கு வேண்டுவது ஓர் அட்டை வடிவமும் கைதேர்ந்த வெட்டுநரும் மட்டுமே. போர்க்காலத்து வில்லிசு ஜீப்பின் முகப்பு இரண்டு தட்டைத் தகடுகளால் ஆனது. 1948இல் வெளிவந்த மோரிசு மைனர் 1956 வரையிலும் நடுவில் கம்பியிட்ட இரண்டு தட்டைத் தகடுகளையே முகப்பில் தாங்கியது. அவ்வாண்டில்தான் வளைந்த ஒற்றைக் கண்ணாடி அதற்கு வாய்த்தது.

1950களில் அமெரிக்கக் கார்கள் முகப்பின் இரு பக்கங்களையும் சுற்றி வளைக்கும் கண்ணாடிகளை அணிந்தன. 1957இல் வெளிவந்த இம்பீரியல் என்னும் கார் கதவுக் கண்ணாடியையும் வளைத்தது. அழகு கூடியது, காற்றின் தடை குறைந்தது, பழுது பார்ப்போருக்குத் தொல்லையும் தொடங்கியது. ஏனெனில் ஒவ்வொரு வளைவுக்கும் தனி அச்சு வேண்டும். வண்டியின் உற்பத்தி நின்று சில ஆண்டுகளில் அவ்வச்சுகள் ஒதுக்கப்பட்டுவிடும். அச்சு போனபின் கண்ணாடி ஏது?

ஒரே பெயருடைய வண்டியிலும் ஆண்டுக்கு ஆண்டு வேறுபாடு உண்டு. ஃபோக்சுவாகன் வண்டு வகைக் காரின் பின்கண்ணாடி 1953 மார்ச்சு வரை இரு துண்டுகளாய் இருந்தது. அதன்பின் முட்டை வடிவம் பெற்றது. 1957இல் மேலும் அகன்றது. மினி என்னும் சிறிய காரின் முன்கதவுக் கண்ணாடி பத்து ஆண்டுக் காலம் பக்கவாட்டில் தள்ளித் திறப்பதாய் இருந்து, 1969இல் வந்த மூன்றாம் வகையில்தான் கைப்பிடி சுற்றி இறக்குவதாயிற்று. ஆகவே வண்டியின் பெயரை மட்டும் சொல்லிக் கண்ணாடி கேட்பது, ஊர்ப்பெயரை மட்டும் எழுதிக் கடிதம் அனுப்புவதைப் போன்றது. ஆண்டு, வகை எண், கதவுகள் எத்தனை, வலப்பக்கமா இடப்பக்கமா, முன்னா பின்னா என்பவற்றைத் தெளிவாகக் குறித்துக்கொண்ட பின்னரே தேடப் புகவேண்டும்.

மூலையில் இருக்கும் முத்திரை

கண்ணாடியின் அடி மூலையில் பொடியெழுத்தில் ஒரு முத்திரை இருக்கும். பலர் அதனைத் துடைப்பர், படிப்பவர் சிலரே. அச்சிறு முத்திரை அக்கண்ணாடியின் பிறப்புச் சான்று ஆகும். செய்த நிறுவனத்தின் பெயர், அடுக்குக் கண்ணாடியா கடினமாக்கப்பட்டதா என்னும் குறிப்பு, எந்நாட்டுத் தரத்துக்கு உட்பட்டது என்னும் விவரம் ஆகியன அதில் அடங்கும். அமெரிக்க வழக்கில் ஏ.எஸ். 1 என்றிருந்தால் முகப்புக்கு ஏற்றது என்றும், ஏ.எஸ். 2 என்றிருந்தால் முகப்பு ஒழிந்த பிற இடங்களுக்கு ஏற்றது என்றும் கொள்ளலாம். ஐரோப்பிய வழக்கில் வட்டத்துக்குள் ஈ என்னும் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். 1 எனில் செருமனி, 2 எனில் பிரான்சு, 11 எனில் பிரித்தானியா அதற்கு ஒப்புதல் அளித்தது என்பது பொருள். பிரித்தானிய டிரிப்ளெக்சு நிறுவனம் தன் முத்திரைச் சொற்களின் எழுத்துகளை ஒட்டிப் புள்ளிகள் இட்டுச் செய்த ஆண்டின் கடைசி இலக்கத்தைச் சுட்டியது. நம் நாட்டுக் கண்ணாடியில் இந்தியத் தர முத்திரை இருக்கும்.

முத்திரை தேய்ந்துபோயிருந்தால் வேறு வழிகளும் உண்டு. சட்டத்திலிருந்து கழற்றிய கண்ணாடியின் ஓரத்தை உற்று நோக்கினால் அடுக்குக் கண்ணாடியில் நடுவே ஒரு கோடு ஓடுவது தெரியும். கடினமாக்கப்பட்ட கண்ணாடியை ஒளியை முனைவாக்கும் குளிர்கண்ணாடி வழியே பகலில் பார்த்தால், காற்றுக் குழாய்கள் குளிர்வித்த தடங்கள் புள்ளிகளாகவோ பட்டைகளாகவோ தோன்றும். இவ்வாறு கண்ணாடி தன் வரலாற்றைத் தானே கூறும்.

தேடும் நெறி: நம் நாட்டு வண்டிகள் மூன்று

எந்தக் கண்ணாடி வேண்டும் என்பது தெளிவானபின் அதனை எங்கே தேடுவது என்பது அடுத்த வினா. இதற்கு விடைகாண, நம் சாலைகளில் பல்லாண்டு ஓடிய மூன்று வண்டிகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது அம்பாசடர். பிரித்தானிய மோரிசு ஆக்சுபோர்டு மூன்றாம் வரிசையைத் தழுவி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துசுத்தான் மோட்டார் நிறுவனம் 1957 முதல் 2014 மே வரை செய்த வண்டி. ஏறத்தாழ அறுபது ஆண்டுக் காலம் உடலமைப்பில் பெருமாற்றம் இன்றி வந்தமையால், அதன் பிற்காலத்துக் கண்ணாடிகள் முற்காலத்து வண்டிக்குக் கைகொடுக்கும் வாய்ப்பு மிகுதி. அரசு அலுவலகங்களிலும் வாடகை நிலையங்களிலும் பெருந்தொகையாய் ஓடிய வண்டியாதலின், கழிக்கப்பட்ட வண்டிகளின் கண்ணாடிகளும் சந்தையில் உண்டு. எனினும் அளவெடுத்து ஒப்பிட்டபின் வாங்குவதே முறை.

இரண்டாவது பிரீமியர் பத்மினி. இத்தாலிய ஃபியட் 1100 டி வகையை அடிப்படையாகக் கொண்டு 1964 முதல் மும்பையின் குர்லாவில் செய்யப்பட்டது. 1970களின் முற்பகுதியில் பெயர் மாறியதே தவிர உடல் பெரிதும் மாறவில்லை. 2000ஆம் ஆண்டளவில் உற்பத்தி நின்றது. மும்பையில் கறுப்பும் மஞ்சளும் பூசி வாடகைக்கு ஓடிய பத்மினிகளில் இறுதியானது 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. பயன்பாட்டு வண்டிகள் மறையும்போது அவற்றுக்கு உறுப்புகள் செய்து விற்ற சிறுதொழில்களும் மறையத் தொடங்கும். ஆகவே பத்மினி வைத்திருப்போர் கண்ணாடி உடையும் வரை காத்திராமல், கிடைக்கும்போதே ஒன்றை வாங்கி வைத்தல் அறிவுடைமை.

மூன்றாவது சென்னை மண்ணோடு தொடர்புடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்து, 1959இல் பிரித்தானியாவில் டிரயம்ஃபு ஹெரால்டு என்னும் பெயரால் வெளிவந்தது. 1961 முதல் சென்னையில் செய்யப்பட்டது. இதன் முகப்புக் கண்ணாடியைத் தேடுவோர் பிரித்தானிய ஹெரால்டு கழகங்களையும் உறுப்பு வணிகர்களையும் நாடலாம். ஹெரால்டின் உடற்கூட்டையே கொண்டு 1962இல் வந்த விட்டெசு என்னும் வண்டியையும் நினைவில் வைத்தல் நலம். ஆனால் இங்கு ஒரு நுட்பம் உண்டு. பிரித்தானியாவில் ஹெரால்டு இரு கதவு வண்டியாகவே விற்கப்பட்டது. நான்கு கதவு ஹெரால்டு 1960களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கென்றே சென்னையில் உருவாக்கப்பட்ட வடிவம். ஆதலின் அதன் பின்கதவுக் கண்ணாடியை உலகில் வேறெங்குத் தேடினும் கிடையாது. நம் நாட்டிலேயே கிடைத்தால் உண்டு. இல்லையேல் செய்வித்தால் உண்டு. ஒரே வண்டியில் ஒரு கண்ணாடிக்குக் கடல் கடந்தும் தேடலாம். மற்றொன்றுக்கு உள்ளூர்ப் பட்டறையே கதி.

இம்மூன்றிலிருந்தும் பொதுநெறி ஒன்றை வகுத்துக்கொள்ளலாம். நம் வண்டி எந்த வண்டியின் வழித்தோன்றல் என்பதை அறிந்து, அதன் உடன்பிறந்த வண்டிகள் எவை எனப் பட்டியல் இடவேண்டும். அமெரிக்காவில் எந்த உறுப்பு எந்த வண்டிக்குப் பொருந்தும் எனக் காட்டும் ஹாலண்டர் கையேடுகள் 1930கள் முதலே வெளிவருகின்றன. கண்ணாடிக்கெனத் தனி எண்முறையும் அங்கு உண்டு. நம் நாட்டில் அவ்வறிவு நூலில் இல்லை. வணிகர் நினைவில் உள்ளது. சென்னைப் புதுப்பேட்டை, கொல்கத்தா மல்லிக் பஜார், மும்பை சோர் பஜார், தில்லி மாயாபுரி ஆகிய இடங்களின் பழைய உறுப்புக் கடைகளில், கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்தே வண்டியின் பெயரைச் சொல்லும் முதியவர்களைக் காணலாம். அவர்களிடம் செல்வோர் வாய்மொழியால் கேளாமல், அட்டையில் வெட்டிய வடிவமும் அளவும் முத்திரையின் ஒளிப்படமும் கொண்டு செல்லவேண்டும்.

புதிதாகச் செய்வித்தல்

தேடியும் கிடைக்கவில்லையெனின் செய்விப்பதே வழி. தட்டைக் கண்ணாடியாயின் பணி எளிது. மெல்லிய ஒட்டுப்பலகையிலோ கெட்டி அட்டையிலோ வடிவம் வெட்டவேண்டும். உடைந்த கண்ணாடியின் துண்டுகளைச் சேர்த்து அளவெடுப்பதைவிடச் சட்டத்திலிருந்தே அளவெடுப்பது சிறந்தது. பல ஆண்டுகளில் சட்டம் சற்றே கோணியிருத்தல் கூடும். கதவுக் கண்ணாடியாயின் அவ்வட்டை வடிவத்தையே கதவினுள் இட்டு, கைப்பிடியைச் சுற்றி ஏற்றி இறக்கிப் பார்க்கவேண்டும். எங்கும் சிக்காமல் மேலேறி, மேல் விளிம்பில் இடைவெளியின்றி அமர்ந்தால்தான் வடிவம் சரி. கண்ணாடி வெட்டியபின் பிழை கண்டால் பணம் வீண். அட்டையில் கண்டால் அட்டை மட்டுமே வீண். பின்னர் அவ்வடிவத்தைக் கண்ணாடித் தொழிலகத்தில் கொடுத்து வெட்டி, ஓரம் தேய்த்து, கடினமாக்கித் தரச் செய்யலாம்.

கனத்தையும் கருதவேண்டும். பழைய வண்டிகளின் கண்ணாடி அங்குலக் கணக்கில் அமைந்தது. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். அதற்கென அமைந்த ரப்பர்ப் பள்ளத்தில் 5 மில்லிமீட்டர் தகட்டைச் செருகினால் ஆடும், ஒலி எழுப்பும், மழைநீர் ஒழுகும். நிறத்தையும் ஒப்பிடவேண்டும். தெளிந்த கண்ணாடிகளுக்கு நடுவே பச்சை சாயலுள்ள ஒன்று இருந்தால் ஒட்டுத்துணிபோல் தனித்துத் தெரியும்.

வளைந்த முகப்புக் கண்ணாடி செய்வது பெரும்பணி. இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒட்டாதிருக்க நடுவே பொடி தூவி, வளைவுக்கேற்ற சட்டத்தின்மேல் வைத்து உலையில் சூடாக்குவர். கண்ணாடி இளகித் தன் எடையாலேயே தாழ்ந்து வளைவு கொள்ளும். மெல்ல ஆறவிட்டு, தகடுகளைப் பிரித்துத் துடைத்து, தூசி புகாத அறையில் நடுவே படலம் இட்டு, அழுத்தமும் வெப்பமும் உடைய கலத்தில் வைத்து ஒன்றாக்குவர். படலம் அப்போதுதான் கண்ணாடியோடு கலந்து தெளிவடையும். இரண்டு தகடுகளும் சேர்ந்தே வளையவேண்டுவதன் காரணம், இரண்டின் வளைவும் இம்மியும் மாறாமல் இருத்தல் வேண்டும் என்பதே.

இதற்கு முழுமையான பழைய கண்ணாடி ஒன்று மாதிரியாகக் கிடைத்தால் நலம். விரிசல் விட்டதாயினும் வடிவம் குலையாத அடுக்குக் கண்ணாடி மாதிரிக்கு உதவும். எனவே விரிசல் விட்ட கண்ணாடியைக் குப்பையில் எறிதல் கூடாது. மாதிரி இல்லையெனில் வண்டியின் முகப்புச் சட்டத்திலிருந்தே நார்க்கண்ணாடியால் வார்ப்பு எடுக்கவேண்டும். நீளம், அகலம் மட்டும் போதா. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நாண் கட்டி, அந்நாணுக்கும் வில்லின் நடுவுக்கும் உள்ள ஆழத்தையும் அளக்கவேண்டும்.

செலவின் பெரும்பகுதி அச்சுக்கே ஆவதால், ஒரு கண்ணாடிக்கு ஆகும் செலவுக்கும் பத்துக் கண்ணாடிகளுக்கு ஆகும் செலவுக்கும் பெரிய வேறுபாடு இராது. ஆகவே ஒரே வகை வண்டி வைத்திருப்போர் பலர் ஒன்றுகூடிச் செய்வித்தால் ஒவ்வொருவர் பங்கும் வெகுவாகக் குறையும். பிற நாடுகளில் பழைய வண்டிக் கழகங்கள் இவ்வாறே செய்கின்றன. தனியொருவரால் ஆகாதது கூட்டுறவால் ஆகும் என்பதற்கு இஃதொரு நல்ல சான்று.

பொருத்தும் கலை

அரிதின் தேடிய கண்ணாடி பொருத்தும்போது உடைவதும் உண்டு. இதற்குப் பெரும்பாலும் காரணம் கண்ணாடி அன்று; சட்டமே. சட்டத்தில் துரு கட்டிப் புடைத்திருந்தாலும், முன்னர் டிங்கரிங் செய்தபோது ஒரு மூலை தாழ்ந்திருந்தாலும், அவ்விடத்தில் அழுத்தம் குவிந்து சில நாள்களில் மூலையிலிருந்து விரிசல் ஓடும். முதலில் சட்டத்தைத் தூய்மை செய்து, துருவை நீக்கி, வண்ணம் பூசி உலரவிடவேண்டும். பழைய பீடிங் ரப்பரையும் மாற்றவேண்டும். முப்பது ஆண்டு வெயிலில் காய்ந்து கல்லாகிய ரப்பர் கண்ணாடியைத் தாங்காது, நீரையும் தடுக்காது.

புதிய ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி அணிவித்து, அதன் உட்பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றவேண்டும். சோப்பு நீர் தடவிச் சட்டத்தின்மேல் கண்ணாடியை வைத்து, வெளியே ஒருவர் உள்ளங்கையால் மெல்ல அழுத்த, உள்ளே ஒருவர் கயிற்றை இழுக்க, ரப்பரின் உதடு சட்டத்தின் விளிம்பைத் தாண்டி உட்புறம் வந்து அமரும். முழுதும் அமரும் வரை பொறுமை வேண்டும். சுத்தியலுக்கு இங்கு வேலை இல்லை.

அடுக்குக் கண்ணாடியின் ஓரத்தில் நீர் தங்கினால் படலம் பிரிந்து வெண்மை படரும். அது முற்றியபின் சரிசெய்ய இயலாது. நீர் தங்காமல் காப்பதே மருந்து. துடைப்பானால் விழுந்த மெல்லிய கீறல்களைச் சீரியம் ஆக்சைடு என்னும் மெருகுப்பொடியால் தேய்த்து நீக்கலாம். ஆழ்ந்த கீறலை அவ்வாறு தேய்த்தால் அவ்விடம் குழிந்து, எதிரே வரும் வண்டி நெளிந்து தோன்றும். மாற்றுக்கென வாங்கிய கண்ணாடியைப் படுக்கவைத்தல் கூடாது. மரச்சட்டத்தில் செங்குத்தாக நிறுத்தி, ஈரமில்லா இடத்தில் வைத்தல் வேண்டும்.

செய்யத் தகாதன

கண்ணாடி கிடைக்காத சலிப்பில் சிலர், கட்டடக் கண்ணாடியை வெட்டிக் கதவில் மாட்டிவிடுவர். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. விபத்து நேரும் நாளில் தெரியும். அன்று தெரிந்து பயன் இல்லை. நூறாண்டுக்கு முன் எந்தத் துன்பத்தை நீக்க அறிவியலார் உழைத்தார்களோ, அத்துன்பத்தை நாமே விலை கொடுத்து வாங்கியவர் ஆவோம். வேறு சிலர் முகப்புக்கும் கடினமாக்கப்பட்ட கண்ணாடியையே இடுவர். சாலையில் ஒரு கல் தெறித்தால் முகப்பு முழுவதும் நொடியில் பொடியாகி, ஓட்டுபவர் வழி காணாது தவிப்பார்.

நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளின் நூறாம் விதி இதுபற்றித் தெளிவாகக் கூறுகிறது. வண்டிகளின் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடியாக இருத்தல் வேண்டும். முன், பின் கண்ணாடிகள் ஒளியில் 70 விழுக்காட்டுக்குக் குறையாமலும், பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காட்டுக்குக் குறையாமலும் ஊடுருவ விடவேண்டும். 1989இல் அவ்விதிகள் நடைமுறைக்கு வந்து மூன்றாண்டு கழித்துச் செய்யப்பட்ட கார்களின் முகப்புக் கண்ணாடி அடுக்குக் கண்ணாடியாகவே இருக்கவேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. அதற்கு முற்பட்ட வண்டிக்கு இக்கட்டாயம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் புதிதாகச் செய்விக்கும்போது அடுக்குக் கண்ணாடியையே தேர்வது உயிருக்குக் காவல். இவ்வொன்றில் பழமையைவிடப் பாதுகாப்பையே முன்வைத்தல் தகும். வடிவமும் நிறமும் மாறாதிருந்தால் வண்டியின் இயல்புக்கும் ஊறு நேராது.

முடிவுரை

ஒரு கண்ணாடியைத் தேடப் புகுந்தவர் பல துறைகளை அறிந்து திரும்புகிறார். வேதியியலும் இயற்பியலும் சட்டமும் வணிகமும் வரலாறும் ஒரு தகட்டின் மூலையில் கூடி நிற்கின்றன. அவற்றுள் பெரும்பகுதி இன்று நூல்களில் இல்லை. அட்டையை வைத்து வடிவம் எடுக்கும் தச்சரிடமும், கீறல் ஒலியைக் கேட்டே கண்ணாடி எங்கு முறியும் என அறியும் வெட்டுநரிடமும், கயிறு இழுத்து முகப்பை அமர்த்தும் பட்டறைத் தொழிலாளரிடமும் அது வாழ்கிறது. அம்முதியோர் மறைந்தால் அவ்வறிவும் மறையும். அதனோடு அவர்கள் ஆண்ட சொற்களும் மறையும்.

தமிழ் பயிலும் மாணவர்களுக்கு இங்கு ஒரு பணி காத்திருக்கிறது. விடுமுறை நாள்களில் தத்தம் ஊரில் உள்ள கண்ணாடிக் கடைக்கும் பட்டறைக்கும் சென்று, அத்தொழிலாளர் வழங்கும் சொற்களையும் செய்முறைகளையும் கேட்டு எழுதி வைக்கலாம். கருவிகளுக்கு அவர்கள் இட்ட பெயர்கள், அளவுகளைக் குறிக்கும் வழக்குகள், பழைய வண்டிகளுக்குச் சூட்டிய செல்லப்பெயர்கள் ஆகியவற்றைத் தொகுத்தால் அது நல்லதோர் ஆய்வேடாகும். இனிவரும் நாளில் பழைய வண்டி ஒன்றுக்குக் கண்ணாடி தேடுவோருக்கு வழிகாட்டும் கையேடும் ஆகும். பெரியோர் தம் வீட்டுக் கொட்டகையில் கிடக்கும் பழைய கண்ணாடியை எடைக்குப் போடுமுன், அதன் மூலையில் உள்ள முத்திரையை ஒருமுறை படித்துப் பார்ப்பாராக. நமக்குப் பயன்படாத அது, எங்கோ ஒரு கொட்டகையில் முடங்கிக் கிடக்கும் வண்டி மீண்டும் சாலைக்கு வர உதவக்கூடும்.